முழுநாள் பள்ளியால் பிள்ளைகள் அதிகம் கற்றார்களா? சிலி நாட்டின் அனுபவம்

1997 நவம்பரில் சிலி நாடு ஒரு சட்டம் போட்டது. எண் 19,532. அரசு மானியம் பெறும் பள்ளிகள் ஷிப்ட் முறையைக் கைவிட்டு, மூன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை முழுநாள் பள்ளிகளாக மாற வேண்டும் என்பதுதான் அதன் சாரம். முதல் இரண்டு வகுப்புகளுக்குக் கட்டாயமில்லை. பாடத்திட்டத்தை மாற்றுவதைவிட, ஆசிரியர்களுக்குப் புதுப் பயிற்சி கொடுப்பதைவிட, பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தைக் கூட்டுவதுதான் பெரிய மாற்றத்தைக் கொண்டுவரும் என்று ஓர் அரசாங்கமே நம்பி, அதற்குப் பெரும் பணத்தையும் ஒதுக்கியது.

பள்ளி நேரத்தை நீட்டலாமா, விடுமுறையைக் குறைக்கலாமா என்ற விவாதம் பெரும்பாலும் அபிப்பிராயத்தில் தொடங்கி அபிப்பிராயத்திலேயே முடிந்துவிடும். சிலியில் மாற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. சில பள்ளிகள் முதலில் மாறின, சில பல வருடம் கழித்து மாறின. இந்தத் தாமதம் ஆய்வாளர்களுக்கு வசதியாகப் போயிற்று. ஒரே காலத்தில் மாறிய பள்ளியையும் மாறாத பள்ளியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. அதனால்தான் இந்த ஒரு நாட்டின் கதையைக் கொஞ்சம் விரிவாக எடுத்துக்கொள்கிறேன்.

ஷிப்ட் எப்படி வந்தது, எப்படிப் போனது

1960களில் சிலியில் பள்ளிச் சேர்க்கை வேகமாகப் பெருகியது. எட்டு வருட அடிப்படைக் கல்வி எல்லோருக்கும் என்று அரசு சொன்னது, ஆனால் கட்டடங்கள் அந்த வேகத்தில் எழவில்லை. காலையில் ஒரு கூட்டம், மதியம் இன்னொரு கூட்டம், அதே பெஞ்சு, அதே கரும்பலகை என்ற ஏற்பாடு பரவியது. அப்போது அதிபராக இருந்தவர் எடுவார்தோ ஃப்ரெய் மொந்தால்வா. முப்பது வருடம் கழித்து, 1996 மே 21 அன்று நாடாளுமன்றத்தில் ஆற்றிய ஆண்டு உரையில், ஷிப்ட் முறைக்கு முடிவு கட்டப்போவதாக அறிவித்தவர் அவருடைய மகன், அதிபர் எடுவார்தோ ஃப்ரெய் ரூயிஸ்-தாக்லே. அப்பா காலத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் கொடுப்பது பிரச்சினை. மகன் காலத்தில், இடம் கிடைத்த பிள்ளைகள் அரைநாளில் என்ன கற்கிறார்கள் என்பது பிரச்சினை.

எவ்வளவு நேரம் கூடியது என்பதைக் கொஞ்சம் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். சிலியில் ஒரு பாடவேளை 45 நிமிடம். மூன்று முதல் ஆறாம் வகுப்பு வரை வாரத்துக்கு 30 பாடவேளை இருந்தது, 38 ஆனது. ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் 33 இருந்தது, 42 ஆனது. நிமிடமாக மாற்றினால், சின்ன வகுப்புப் பிள்ளைக்கு ஒரு நாள் வகுப்பு நேரம் நாலரை மணியிலிருந்து 5 மணி 42 நிமிடமாக உயர்ந்தது. அதாவது நாளொன்றுக்கு 72 நிமிடம் கூடுதல். இடைவேளை, மதிய உணவு எல்லாம் சேர்ந்து பிள்ளைகள் வீடு திரும்பும்போது பொதுவாக மூன்றரை, நாலு மணி ஆகிவிடும்.

பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. முழுநாளுக்கு மாறிய பள்ளிகளுக்கு ஆண்டுக்கு 38 வாரம் வகுப்பு, மாறாத பள்ளிகளுக்கு 40 வாரம். நாளை நீட்டிய அதே கையோடு விடுமுறையில் இரண்டு வாரத்தைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், 40 வாரத்துக்கு 900 மணி நேரமாக இருந்தது, 38 வாரத்துக்கு 1083 மணி நேரமாக ஆனது. வாரத்தைக் குறைக்காமல் இருந்திருந்தால் 1140 ஆகியிருக்கும். நீண்ட நாளையும் குறைந்த விடுமுறையையும் ஒரே மூச்சில் கேட்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்கலாம். மற்றவர்களைவிடத் தீவிரமாக இதைச் செய்த நாடே இரண்டையும் சேர்த்துச் செய்யத் துணியவில்லை.

எது கஷ்டமாக இருந்தது

காகிதத்தில் 72 நிமிடம். நடைமுறையில் அது கட்டடம், சாப்பாடு, ஆசிரியர் என்று மூன்று பெரிய செலவுகளாக வந்து நின்றது.

ஷிப்டில் இரண்டு கூட்டத்துக்கு ஒரு வகுப்பறை போதும். எல்லோரும் ஒரே நேரத்தில் வந்தால் இரண்டு வேண்டும். அதனால் இடம் தாராளமாக இருந்த கிராமத்துப் பள்ளிகளும் சின்னப் பள்ளிகளும் முதலில் மாறின. நெரிசலான நகரத்துப் பெரிய பள்ளிகள் கடைசியாக வந்தன. 2002க்குள் முடித்துவிடலாம் என்று முதலில் போட்ட கணக்கு பலிக்கவில்லை. 2004இல் இன்னொரு சட்டம் கொண்டுவந்து, பள்ளியின் வகையைப் பொறுத்துக் கெடுவை 2007, 2010 என்று தள்ளினார்கள்.

சாப்பாடு அடுத்தது. அரைநாள் பள்ளியில் பிள்ளை மதியம் வீட்டில் சாப்பிடும். முழுநாள் என்றால் பள்ளியே சமையலறையும் சாப்பாட்டுக் கூடமும் வைத்துக்கொள்ள வேண்டும். ஏழைப் பிள்ளைகளுக்கு அரசு உணவு கொடுக்க வேண்டும். 1964இலிருந்தே பள்ளி உணவுக்கென்று ஒரு தனி அரசு அமைப்பு அங்கே இருந்ததால் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவதுதான் என் பார்வையில் சரியாகவே கவனிக்கப்படாமல் போனது. வாரத்துக்கு 44 மணி நேர ஒப்பந்தத்தில் இருக்கும் ஆசிரியர் 33 மணி வரை வகுப்பில் நிற்கலாம் என்பது அப்போதைய விதி. பாடம் தயாரிப்பது, விடைத்தாள் திருத்துவது, பெற்றோரைப் பார்ப்பது எல்லாம் மிச்சமிருக்கும் கால்பங்கு நேரத்துக்குள். பிள்ளைக்கு நாள் நீண்டபோது, அந்த நேரத்தில் நல்ல பாடம் எடுக்க ஆசிரியருக்குத் தயாரிப்பு நேரம் அதே அளவில் நீளவில்லை. 2016இல் வந்த ஆசிரியர் பணிச் சட்டம்தான் வகுப்பில் நிற்கும் பங்கைப் படிப்படியாகக் குறைத்து, 2019இல் 65 சதவீதம் என்ற இடத்துக்குக் கொண்டுவந்தது. முழுநாள் சட்டம் வந்து இருபது வருடம் ஓடிய பிறகு!

மதிப்பெண்ணில் என்ன கிடைத்தது

கிறிஸ்தியான் பெல்லெய் என்ற ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தில் அதிகம் பேசப்படுவது. பத்தாம் வகுப்பு மாணவர்கள் எழுதும் தேசியத் தேர்வின் 2001, 2003 ஆண்டு மதிப்பெண்களை எடுத்துக்கொண்டார். இந்த இரண்டு வருட இடைவெளியில் முழுநாளுக்கு மாறிய பள்ளிகள் எவ்வளவு நகர்ந்தன, மாறாதவை எவ்வளவு நகர்ந்தன என்று ஒப்பிட்டார். முன்பே நன்றாக இருந்த பள்ளியை முழுநாளின் வெற்றி என்று தப்புக் கணக்குப் போடாமல் இருக்க இந்த வழி உதவும்.

முடிவு: மொழிப் பாடத்தில் 0.05 முதல் 0.07 திட்ட விலக்கம் உயர்வு. கணிதத்தில் பூஜ்ஜியத்திலிருந்து 0.12 வரை, எந்த முறையில் கணக்கிடுகிறோம் என்பதைப் பொறுத்து. புள்ளியியல் பாஷையை விட்டுவிட்டுச் சொன்னால், நூறு பேர் மதிப்பெண் வரிசைப்படி நிற்கும்போது சரியாக நடுவில் நிற்கும் மாணவர் மொழிப் பாடத்தில் இரண்டு, மூன்று இடம் முன்னால் நகர்கிறார். கணிதத்தில் மிக நல்ல கணக்கின்படி ஐந்து இடம். உயர்வு இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் வாராந்தர வகுப்பு நேரத்தைக் கால்பங்குக்கு மேல் கூட்டி, ஒரு நாட்டின் பள்ளிக் கட்டடங்களை விரித்துக் கட்டிய பிறகு கிடைத்த உயர்வு இது.

அதே ஆய்வில் இன்னொரு விவரம் உண்டு. கிராமப்புற மாணவர்களுக்கும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் பலன் சற்று அதிகம். அதுவரை நல்ல செய்திதான். ஆனால் ஏற்கெனவே மதிப்பெண் வரிசையில் மேலே இருந்தவர்களுக்கும் பலன் அதிகம் கிடைத்திருக்கிறது. பின்தங்கியவரைத் தூக்கிவிடத்தான் கூடுதல் நேரம் என்று சொல்பவர்களுக்கு இது சங்கடமான விஷயம். நேரத்தைப் பயன்படுத்தத் தெரிந்த பிள்ளைதான் அதை முதலில் பயன்படுத்திக்கொள்கிறது.

சர்வதேசத் தேர்வான பீசாவைக் காட்டி, "பாருங்கள், முழுநாளுக்குப் பிறகு சிலி ஏறிவிட்டது" என்பவர்களும் உண்டு. வாசிப்பில் முதல் சுற்றில் 410, 2015இல் 459, 2022இல் 448. ஏற்றம் உண்மைதான். கணிதத்தைப் பார்த்தால் 2006இல் 411, 2022இல் 412. நடுவே கொஞ்சம் ஏறி மறுபடி இறங்கியிருக்கிறது. ஒரே பள்ளி நாளில் இரண்டும் கற்பிக்கப்பட்டன, ஒன்று ஏறியது, இன்னொன்று கிளம்பிய இடத்திலேயே நிற்கிறது. இடையில் ஏழை மாணவர்களுக்கான சிறப்பு மானியம் முதலிய வேறு சீர்திருத்தங்களும் வந்தன. ஆகவே பீசாவை வைத்து நீண்ட பள்ளி நாளுக்கு ஆதரவாகவோ எதிராகவோ எதையும் நிரூபிக்க முடியாது. எதிரணியினர் ஃபின்லாந்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், அதுவும் இதே கதிதான். குறைந்த வகுப்பு நேரமும் பத்து வாரத்துக்கு மேல் கோடை விடுமுறையும் வைத்துக்கொண்டு 2000இல் வாசிப்பில் 546 எடுத்த நாடு, 2022இல் 490க்கு இறங்கியது. நேரம் பெரிதாக மாறவில்லை, மதிப்பெண் மாறிவிட்டது.

தேர்வுக்கு வெளியே நடந்தது

சிலியின் கதையில் உண்மையில் சுவாரசியமான பகுதி இதுதான்.

மத்தியாஸ் பெர்தெலோன், டயானா க்ரூகர் ஆகிய இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில் மதிப்பெண்ணையே பார்க்கவில்லை. முழுநாள் பள்ளிகள் அதிகமான இடங்களில் இளம் பருவத்தினர் வாழ்க்கை எப்படி மாறியது என்று பார்த்தார்கள். ஏழைக் குடும்பங்களில் பதின்வயதுத் தாய்மை குறைந்திருந்தது. இளைஞர் குற்றங்களும் குறைந்திருந்தன. காரணம் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. மதியம் ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை பெரியவர்கள் யாரும் இல்லாத வீட்டிலோ தெருவிலோ இருந்த பிள்ளை, இப்போது பள்ளிக்குள் இருக்கிறது. அம்மாக்கள் வேலைக்குப் போவது கூடியது என்றும் வேறு ஆய்வுகள் காட்டின.

அப்புறம், பத்திரிகைகளில் அவ்வளவாக எட்டாத ஒரு முடிவு. பத்ரீசியோ தொமிங்கேஸ், கிறிஸ்டா ரஃபினி இருவரும் அந்த மாணவர்களைப் பெரியவர்களான பிறகு தொடர்ந்து பார்த்தார்கள். முழுநாள் பள்ளியில் அதிக வருடம் இருந்தவர்கள் கூடுதலாகப் படித்திருந்தார்கள், பிள்ளை பெறுவதைத் தள்ளிப்போட்டிருந்தார்கள், இருபதுகளிலும் முப்பதுகளிலும் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். பள்ளித் தேர்வில் இரண்டு மூன்று இடம் மட்டுமே நகர்த்திய ஒரு திட்டம் பதினைந்து வருடம் கழித்துச் சம்பளத்தில் தெரிகிறது என்றால், நாம் அளவுகோலைத் தவறான இடத்தில் வைத்து அளந்துகொண்டிருந்தோம் என்றுதான் அர்த்தம்.

அதனால் என் கருத்து இது. முழுநாள் பள்ளி முதலில் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு, கற்றல் திட்டம் என்பது அதற்குப் பிறகுதான். அதைச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அரசியல்வாதிகள் அப்படிச் சொல்வதில்லை. "தரம் உயரும், உலகத்தோடு போட்டி போடலாம்" என்று விற்கிறார்கள். அப்படி விற்றதால்தான் கூடிய நேரம் முழுவதையும் மேலும் மொழி, மேலும் கணிதம் என்று நிரப்பும் ஆசை பள்ளிகளுக்கு வருகிறது. பாதுகாப்பும் துணையும்தான் நோக்கம் என்று முதலிலேயே ஒத்துக்கொண்டிருந்தால் விளையாட்டு, இசை, பட்டறை என்று அந்த நேரம் வேறு மாதிரி நிரம்பியிருக்கும்.

இதை முதலில் உரக்கச் சொன்னவர்கள் மாணவர்களே. 2006 ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூன் வரை சிலியின் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். கருநீலமும் வெள்ளையுமான சீருடையால் அவர்களைப் பென்குயின்கள் என்று அழைத்தார்கள். மே 30 அன்று நடந்த நாடு தழுவிய வேலைநிறுத்தத்தில் லட்சக்கணக்கானவர்கள் கலந்துகொண்டார்கள். மிஷெல் பசெலெட் அதிபராகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. இலவசப் பேருந்துச் சீட்டு, பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக் கட்டண ரத்து, சர்வாதிகார ஆட்சி முடிவதற்கு முந்தைய நாள் அரசிதழில் வெளியான கல்விச் சட்டத்தை நீக்குவது என்ற கோரிக்கைகளோடு இன்னொன்றும் இருந்தது: முழுநாள் பள்ளியை மறுபரிசீலனை செய்ய வேண்டும். நேரத்தை நீட்டினீர்கள், சாப்பாட்டுக் கூடம் எங்கே, அந்த நேரத்தில் அதே பாடத்தைத்தானே மறுபடி நடத்துகிறீர்கள் என்பது அவர்கள் கேள்வி. கல்வி அமைச்சகத்தின் மதிப்பீட்டு அறிக்கைகளைவிட இது நேரடியாக இருந்தது என்பேன்.

மற்ற இடங்களில்

ஜெர்மனியும் ஏறக்குறைய இதே பாதையில் போனது. பெரும்பாலும் மதியத்தோடு முடியும் பள்ளிகள் அங்கே. 2000ஆம் ஆண்டின் பீசா முடிவு தந்த அதிர்ச்சிக்குப் பிறகு, 2003இலிருந்து 400 கோடி யூரோ ஒதுக்கி முழுநாள் பள்ளிகளைப் பெருக்கியது. அங்கே நடந்த நீண்டகால ஆய்வு, மதியத்துக்குப் பிறகும் பள்ளியில் இருப்பதால் மட்டும் மதிப்பெண் உயர்வதில்லை என்றது. மதிய நேர நிகழ்ச்சிகள் தரமாக இருந்து, பிள்ளையும் ஒழுங்காகப் போனால்தான் பலன்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் இன்னும் பொருத்தமான ஒப்பீடு. ஏனென்றால் அங்கே அரைநாளை முழுநாளாக்கவில்லை, ஏற்கெனவே முழுநாளாக இருந்ததை நீட்டினார்கள். ஆண்டுக்குச் சுமார் 300 மணி நேரம். மதிப்பீட்டில் தேர்வு மதிப்பெண்ணில் சராசரியாகக் கணக்கில் கொள்ளத்தக்க உயர்வு எதுவும் தெரியவில்லை. ஃப்ளோரிடா 2012இல் வேறு வழியில் போனது. வாசிப்பில் மிகவும் பின்தங்கிய நூறு தொடக்கப் பள்ளிகளுக்கு மட்டும், வாசிப்புக்கென்றே தினமும் ஒரு மணி நேரம் கூட்டியது. சிறிய அளவில் ஆனாலும் தெளிவான பலன் கிடைத்தது. ஒரே ஒரு மணி, ஒரே ஒரு பாடம், தேவைப்பட்ட பள்ளிக்கு மட்டும். எனக்கு இந்த அணுகுமுறைதான் புத்திசாலித்தனமாகத் தெரிகிறது.

விடுமுறைப் பக்கம்

விடுமுறையைக் குறைக்கச் சொல்பவர்களின் முக்கிய வாதம், கோடையில் பிள்ளைகள் படித்ததை மறந்துவிடுகிறார்கள், ஏழைப் பிள்ளைகள் இன்னும் அதிகமாக மறக்கிறார்கள் என்பது. இதன் வேர் 1982இல் பால்டிமோர் நகரில் தொடங்கிய ஒரு நீண்டகால ஆய்வு. கார்ல் ஆலெக்சாண்டரும் டோரிஸ் என்ட்விசிலும் முதல் வகுப்பிலிருந்து சுமார் எண்ணூறு பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து, இடைவெளி பெரும்பாலும் கோடையில்தான் விரிகிறது என்றார்கள். ஆனால் பால் வான் ஹிப்பல் அதே தரவைப் புதிய தேர்வுகளோடு வைத்துப் பார்த்தபோது அந்த முடிவு நிற்கவில்லை. பழைய தேர்வுகளில் மதிப்பெண் அளவீடு போட்ட விதமே இடைவெளியைப் பெரிதாக்கிக் காட்டியிருக்கலாம் என்று 2019இல் எழுதினார். கோடையில் கற்றல் மந்தமாவது உண்மை. அது ஏழைப் பிள்ளைகளை மட்டும் கீழே தள்ளுகிறது என்பது நாம் நினைத்த அளவுக்கு உறுதியில்லை.

நீண்ட கோடையை உடைத்துச் சின்னச் சின்ன விடுமுறைகளாக ஆண்டு முழுக்கப் பரப்பினால்? வட கரோலினாவின் வேக் கவுண்டியில் 2007இல் 22 பள்ளிகளை அப்படி மாற்றினார்கள். பள்ளி நாள்கள் 180தான், விடுமுறைகளின் இடம் மட்டும் மாறியது. மதிப்பெண்ணில் ஏறக்குறைய ஒரு மாற்றமும் இல்லை. நெரிசலைச் சமாளிக்கத்தான் அந்த மாற்றம் தொடங்கியது என்பதால் அவர்களுக்கு நஷ்டமில்லை. ஆனால் விடுமுறையைக் கலைத்துப் போட்டாலே கற்றல் கூடும் என்ற நம்பிக்கைக்கு அது சாட்சியாகாது.

பிரான்ஸ் நடத்திய கூத்தையும் சொல்லாமல் விட முடியவில்லை. 2008இல் தொடக்கப் பள்ளியை வாரத்துக்கு நாலு நாளாக்கினார்கள், ஆண்டுக்கு 144 நாள். நாள்கள் குறைந்ததால் ஒவ்வொரு நாளும் கனத்துப்போனது. 2013இல் "இது பிள்ளைகளைக் களைப்பாக்குகிறது" என்று நாலரை நாளாக்கினார்கள். வாரத்துக்கு 24 மணி நேரம் என்பது மாறவே இல்லை, பரப்பிய விதம்தான் மாறியது. புதன்கிழமை காலை யார் அழைத்துப் போவது, மாலை நடவடிக்கைகளுக்கு எந்த ஊராட்சி பணம் கொடுப்பது என்று சண்டை. 2017இல் விரும்பினால் பழையபடி நாலு நாளுக்குப் போகலாம் என்று அனுமதித்ததும் பெரும்பாலான ஊர்கள் திரும்பிவிட்டன. கற்றல் பற்றிய விவாதமாகத் தொடங்கியது பெரியவர்களின் கால அட்டவணை விவாதமாக முடிந்தது. பள்ளி நேரத்தைப் பற்றிய எந்த விவாதத்திலும் பாதி இதுதான் என்று நினைக்கிறேன்.

மறுபடி சிலிக்கு

பெருந்தொற்றுக்குப் பிறகு 2022இல் சிலியில் எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்குத் திரும்பினார்கள். பள்ளிகளில் சண்டை, மன அழுத்தம், வராமல் போவது என்று சிக்கல்கள் பெருகின. அரசு செய்தது என்ன? முழுநாள் நேரத்தைத் தற்காலிகமாகத் தளர்த்தி, நாளைச் சுருக்கிக்கொள்ளப் பள்ளிகளுக்கு அனுமதி கொடுத்தது. சுவாச நோய்கள் பரவியதால் அந்த வருடக் குளிர்கால விடுமுறையையும் முன்கூட்டியே தொடங்கி, ஒரு வாரம் நீட்டியது. கால் நூற்றாண்டாக நேரத்தைக் கூட்டிக்கொண்டே வந்த நாடு, பிள்ளைகளின் நிலை மோசமானபோது கையில் எடுத்த முதல் கருவிகளில் ஒன்று நேரத்தைக் குறைப்பது.

முழுநாள் சட்டத்துக்குள்ளேயே ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. தேசியத் தேர்வில் தொடர்ந்து உயர்ந்த தரம் காட்டும் பள்ளிகள் முழுநாளுக்கு மாற வேண்டியதில்லை. அரைநாளிலேயே பிள்ளைகள் நன்றாகக் கற்கிறார்கள் என்றால் அப்படியே இருக்கட்டும் என்று சட்டம் எழுதியவர்களே விட்டுவிட்டார்கள். கூடுதல் நேரம் எல்லோருக்கும் தேவையான பொருள் இல்லை என்பது 1997லேயே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மதியத்தில் யாருமில்லாத வீட்டுக்குப் போகும் பிள்ளைக்கு அது வேண்டும். அந்தப் பிள்ளைக்குச் சூடான சாப்பாடு, விளையாட ஓர் இடம், தயாரிப்புக்கு நேரம் கிடைத்த ஓர் ஆசிரியர் ஆகிய மூன்றும் சேர்த்துத் தர முடியாத அரசு, நாளை நீட்டும் பேச்சை எடுக்காமலிருப்பதே மேல்.